இரண்டு கட்டைவிரல்கள்

எங்கள் கொல்கத்தா தமிழர் வாட்ஸ்அப் குழுவில் அவர் 'டிப்ஸ் மாமா'. அரிசியில் வண்டு, சுவரில் பூஞ்சை, ஜனவரிக் குளிரில் பொங்காத தோசைமாவு, எதைக் கேட்டாலும் உடனே பதில் வரும். நேரில் பார்த்தது ஒரே முறை, காளிகாட் மெட்ரோ நிலையத்தில். முகப்புப் படத்தில் இருந்த அதே கயிறு கட்டிய கண்ணாடியை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். குழுவில் வந்திருந்த கேள்வி ஒன்றை ஃபோனில் உதடு அசைய மூன்று முறை படித்துவிட்டே பதில் எழுதினார்.

"எதுக்கு மாமா இத்தனை தடவை?" என்றேன்.

"பாத்ரூம் பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னேன். பாலிகஞ்ச்ல ஒரு அம்மா, 'கூட ஆசிட்டும் ஊத்தலாமா?'ன்னு கேட்டிருந்தாங்க. நன்றி சொல்றாங்கன்னு நெனச்சு, படிக்காமலே 'சரி'ன்னு கட்டைவிரல் படத்தைப் போட்டுட்டேன். ரெண்டும் சேர்ந்தா விஷப்புகைம்மா. அப்புறம் அவங்க எழுதவே இல்ல. ஃபோனும் எடுக்கல."

ரயில் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய செய்திகளைத் தேடினேன். அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. அதன் கீழே இரண்டு கட்டைவிரல்கள். ஒன்று அவருடையது. மற்றது நான் போட்டது.

அந்த அம்மாவின் எண் குழுவிலேயே இருக்கிறது. நான் இன்னும் அழைக்கவில்லை.