பார்க்காத இடத்தில் போட்ட சைபர்

எங்க அக்காகிட்ட ஃப்ரிட்ஜில பால் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. "இருக்கலாம்"னு பதில் வரும். எழுந்து போய்த் திறந்து பார்த்தா என்ன, கைகால் தேய்ஞ்சா போயிடும்? கூட இருந்து மாரடிக்கிறவளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

அவ தொழில் அப்படி. வெளிச்சமே எட்டாத ஆழ்கடல்ல பவளம் வளருது. அவ்வளவு இடத்துலயும் போய்த் தேட யாரால முடியும்? அதனால கெட்டியான பாறை எங்கே, இரை கொண்டுவர்ற நீரோட்டம் எங்கே, தண்ணி எவ்வளவு குளிர்ச்சின்னு பார்த்து, இங்கே இருக்கலாம், அங்கே இருக்காதுன்னு கம்ப்யூட்டர்ல வரைபடம் போடுவா. ஒரு மோதிரத்துக்குத் தேறுமான்னு என் வீட்டுக்காரர் வாயைக் கொடுத்தார். அப்புறம் ரெண்டு நாள் அவர்கிட்ட அவ முகங்கொடுத்துப் பேசலை.

அந்த நேரம் பார்த்து நடுக்கடல்ல எண்ணெய்க் கிணறு உடைஞ்சு வாரக்கணக்கா கக்குச்சு. எங்கே பவளம் செத்திருக்குன்னு படம் பிடிச்சுக் காட்டினாத்தான் கிணத்துக் கம்பெனி பொறுப்பேத்துக்கும். கேமராவைக் கடலடிக்கு இறக்க இன்னும் ஒரே ஒரு தடவைதான் கப்பல் கிடைக்கும். எங்கே இறக்கறதுன்னு அக்கா சொல்லணும்.

வரைபடம் வந்தது. கிணத்துக்குப் பக்கத்துல இருக்கிற பாறைத் தொடர் முழுக்க 'பவளம் இல்லை'. பாறை இருக்கு, நீரோட்டம் இருக்கு, எப்படி இல்லாமப் போகும்? தோண்டித் துருவினதுல குட்டு உடைஞ்சது. எங்கெங்கே தேடினாங்க, பவளம் இருந்துச்சான்னு குறிச்சு வைக்கிற அட்டவணையைப் பார்த்துக்கிற அதிகாரிக்குக் காலிக் கட்டத்தைக் கண்டாலே ஆகாது. ஆபீஸ்ல அவருக்குப் பேரே சைபர் சார். தகவல் இல்லாத இடத்துக்கெல்லாம் ஒரு சைபரைப் போட்டு அழகு பண்ணி வெச்சிருந்தார்.

"சார், சைபர்னா பார்த்தோம், இல்லைன்னு அர்த்தம். இங்கே யாரும் பார்க்கவே இல்லையே."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா. காலியா விட்டா மேலிடத்துல கேள்வி வரும்."

"கதவைத் தட்டாமலே வீட்டுல ஆள் இல்லைன்னு எழுதுவீங்களா சார்?"

"இதுக்குப் போய் எதுக்கும்மா கோபம்" என்றாராம் மனுஷன், சாவகாசமா. இப்படிப்பட்டவங்களோட தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தா யாருக்குத்தான் கிறுக்குப் பிடிக்காது.

சைபரையெல்லாம் அழிச்சுட்டு அக்கா முதல்லேருந்து கணக்குப் போட்டா. அதே பாறைத் தொடர் இப்போ 'இருக்க நல்ல வாய்ப்பு'ன்னு வந்து நின்னது. கூட்டத்துல கம்பெனி ஆள் சிரிச்சாராம். "நேத்து இல்லைன்னீங்க, இன்னிக்கு இருக்குங்கறீங்க. ஜோசியமா பார்க்கறீங்க?" அங்கே இறக்கி வெறும் பாறை தெரிஞ்சா அவ பேரு நாறிப்போகும், கம்பெனி மேல போட்ட வழக்கும் அம்போன்னு போகும். இருந்தும் பிடிச்ச பிடியை விடலை. ஆபீஸ்ல காட்ட முடியாத கோபத்தையெல்லாம் வீட்டுல காட்டினா. நானும் சும்மா இருக்கலை, வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தேன்.

கேமரா இறங்கின அன்னிக்குக் கப்பல்லேருந்து போன் வந்தது.

"இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சுடி. சொன்ன இடத்துலயே. பாறை நீளத்துக்கும்."

"அப்புறம் என்ன, ஜெயிச்சுட்டே. அந்தக் கம்பெனி ஆள் மூஞ்சியைப் பார்க்கணுமே" என்றேன்.

"ஒண்ணு கூட உயிரோட இல்லைடி" என்றாள். "எல்லாத்து மேலயும் பழுப்பா ஏதோ மூடிக் கிடக்கு. நூத்துக்கணக்கான வருஷமா வளர்ந்தது." மூக்கை உறிஞ்சினாள். "இந்த ஒரு தடவை என் கணக்கு தப்பாப் போயிருக்கக் கூடாதா?"