நாலு சுற்று டேப்

இரண்டே விரல்கள்தான். குழாய் இணைக்கிற பித்தளை நிப்பிளை இரும்புக் கட்டையின் துளையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு லாரி சாமான் கடை அக்கா திருகுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சுற்று முடியும்போதுதான் பித்தளை லேசாகப் பிடிக்கிறது. கண்ணைத் திறந்து, அதே இரண்டு விரல்களால் கழற்றி, எதிரில் நிற்பவர் கையில் வைக்கிறாள். "இது போகும்."

செங்கல் அளவுள்ள அந்தக் கட்டையில் வரிசையாகப் பதினெட்டுத் துளைகள். லாரிகளில் வருகிற திருகு மரைகளில் வகைக்கு ஒன்று. லேத்காரர் ஒருவரின் பக்கத்திலேயே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவள் வெட்டி வாங்கியது. அதற்குப் பக்கத்தில் எவனும் ஸ்பானரோடு வரக் கூடாது. "ஸ்பானர் பட்டா மரை தேஞ்சிடும். அப்புறம் இந்தக் கட்டையும் பொய் சொல்ல ஆரம்பிச்சிடும்" என்பாள். கடையில் பொய் சொல்லாத சாமான் அது ஒன்றுதான் என்று அவளுக்கு நினைப்பு.

கண்ணை நம்புவது இந்தத் தொழிலில் ஆகாது. ஒரு நிப்பிளில் அங்குலத்துக்கு இருபத்தேழு மரை, இன்னொன்றில் இருபத்தெட்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறி இறுகி நிற்கும். இறுகிவிட்டதே என்று ஆள் சந்தோஷமாக வண்டியை எடுத்துக்கொண்டு போவான். முந்நூறு மைலுக்கு அப்பால் எண்ணெய் முழுவதும் ரோட்டில் கிடக்கும்.

ஆகவே யார் வந்தாலும் விசாரணைதான். எந்த எஞ்சின், எந்தப் பக்கத்துத் துளை, பழைய சாமான் எங்கே. பழையதைக் காட்டாதவருக்குப் புதியது கிடையாது. டிரைவர்கள் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்ததற்குத் தோதாக அவளும் ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு எழுதிப் போடுவாள். கொட்டை எழுத்தில் இரண்டு வரி. அதைப் படிக்காமல் போனவன் திரும்பி வந்தால் திட்டு நிச்சயம்.

அன்று உச்சி வெயிலில் வந்தவர் ஒரு டிப்பர்காரர். முதலாளி வண்டிக்கு எண்ணெய் அழுத்தம் பார்க்க ஒரு சென்சார், தண்ணீர்ச் சூடு பார்க்க ஒரு சென்சார். இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"பிரஷர் சென்சாரை எங்க மாட்டப் போறீங்க?"

"எஞ்சின்லயே மூணு வழி டீ ஒண்ணு போட்டு அதுல மாட்டிடலாம்க்கா."

"எஞ்சின் ஆடுற ஆட்டத்துக்கு, இவ்வளவு கனத்தைப் பித்தளை டீயில தொங்கவிட்டா கழுத்து முறிஞ்சிடும். சின்ன ஹோஸ் ஒண்ணு போட்டு, சென்சாரைத் தனியா பாடியில கிளாம்ப் பண்ணுங்க."

டிப்பர்காரர் தலையாட்டினார். சூட்டு சென்சாருக்கான நிப்பிளை அவள் கட்டையில் வைத்து ஒரு சுற்றுத் திருகியபோது போன் அடித்தது. லோடோடு மலை ஏறிக்கொண்டிருந்த கணவர்.

அவருக்கு இருபத்திரண்டு வருஷ ஓட்டம், சொந்த வண்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மலை ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தபோது, அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். வலது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை தோல் இன்னும் மெழுகு பூசியது போல் மினுக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த பதினோரு நாளை அக்கா மறக்கவில்லை. சூடும் எண்ணெய் அழுத்தமும் காட்டுகிற பழைய மீட்டர் அன்றே செத்திருந்தது. புதுசு மாட்டுங்கள் என்று அவர் பின்னாலேயே நின்று, போன வாரம்தான் சம்மதம் வாங்கினாள். சென்சார், நிப்பிள், ஹோஸ், கிளாம்ப் எல்லாம் அவளே பொறுக்கிப் பையில் போட்டாள். சீட்டு எழுதப் பேனாவை எடுத்தவள், எழுதாமல் மூடிவிட்டாள். முன்பு ஒரு சீட்டைப் பார்த்து, "வீட்டுக்காரனுக்கும் மருந்துச் சீட்டா?" என்று நாலு பேர் முன்னால் அவர் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தைத்தது. "பார்த்து மாட்டுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் எஞ்சின் முனகலுக்கு நடுவே அவர் குரல் உற்சாகமாக வந்தது. "நாலாவது வளைவு தாண்டியாச்சு. உன் மீட்டர் ஜம்முனு இருக்கு."

"எவ்வளவு காட்டுது?"

"சூட்டு ஊசி கீழயே படுத்திருக்கு. ஆடல, அசையல. ரேடியேட்டரை நான் கழுவின கழுவு அப்படி."

முழு லோடு, உச்சி வெயில், நாலு வளைவு. ஊசி அசையவில்லை. அக்கா இடது கையால் போனை அருகே இழுத்தாள்.

"ஏங்க, அந்த சூட்டு சென்சாருக்கு மரையில டேப் சுத்துனீங்களா?"

"சுத்தாம? நல்லா நாலு சுத்து. ஒரு சொட்டுக் கசியாது."

அந்த சென்சாருக்கு ஒரே ஒயர்தான். அதன் உடம்பே இன்னொரு ஒயர் மாதிரி. பித்தளை மரை எஞ்சினின் இரும்பைத் தொட்டால்தான் மீட்டருக்குச் செய்தி போகும். நடுவில் கசிவை அடைக்கிற டேப் தடிமனாக வந்தால் செய்தி அறுந்துபோய், எஞ்சின் வெந்தாலும் ஊசி குளிரிலேயே கிடக்கும். மற்றவர்களுக்கெல்லாம் அவள் எழுதும் சீட்டே இதுதான்: ஒத்தை ஒயர், டேப் வேண்டாம், மரையில் பேஸ்ட் தடவினால் போதும்.

"வண்டியை ஓரம் கட்டுங்க."

"நடு ஏத்தத்துலயா? பின்னால பஸ்காரன் ஒட்டிக்கிட்டு வர்றான்."

"எண்ணெய் பிரஷர் எவ்வளவு இருக்கு?"

"ஏற ஆரம்பிக்கும்போது நாலு. இப்ப ரெண்டு. வளைவுக்கு வளைவு கொஞ்சம் இறங்குது."

"சூடு ஏறி எண்ணெய் தண்ணியாகுது. அந்த ஊசி பொய் சொல்லுதுங்க, இந்த ஊசிதான் உண்மை. நிறுத்துங்க."

கியர் மாறும் சத்தம், பின்னால் ஒரு ஹாரன், பிறகு புஸ்ஸென்று ஏர் பிரேக். கதவு அறைந்து சாத்தும் ஓசை கேட்டது.

"மூடியை மட்டும் தொடாதீங்க" என்றாள் அக்கா. சொல்லி முடித்த பிறகுதான் கதவுச் சத்தம் முன்பே கேட்டுவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது. போன் வண்டிக்குள் இருக்கிறது. அவர் கீழே இருக்கிறார்.

"ஏங்க."

காலி கேபினின் இரைச்சல் மட்டும் வந்தது. எங்கோ தூரத்தில் மெல்லிய சீற்றம். ஏர் பிரேக் அப்படிச் சீறாது என்பது அவளுக்குத் தெரியும். இரும்பின் மேல் ஏதோ மோதிய சத்தம். பிறகு சீற்றமும் பெரிதானது போலிருந்தது. அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டையிலிருந்த நிப்பிளின் மேல் அவள் வலது கை என்ன செய்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணன் வந்துடுவாருக்கா" என்றார் டிப்பர்காரர். அவள் காதில் அது விழவில்லை. அந்தப் பதினோரு நாளும் மருந்து வாசனையோடு திரும்பி வந்து நின்றன. ஒரு சீட்டு, இரண்டு வரி, எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கதவு திறந்தது.

"கீழ் ஹோஸ் கிளிப் பக்கத்துல பிளந்திருக்கு. தண்ணி பாதி ரோட்டுல" என்றார். குரலில் உற்சாகம் போயிருந்தது. "இன்னொரு வளைவு தாங்கியிருக்காது."

"கை?"

"ரேடியேட்டர் மூடி மேல துணியைப் போட்டுட்டேன். பழக்கத்துல கை அதுபாட்டுக்குப் போயிடுச்சு. அப்புறம் இந்தக் கையைப் பார்த்தேன். விட்டுட்டேன்."

அக்கா மூச்சு விட்டாள்.

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் சீட்டு எழுதித் தர்றே" என்றார் அவர். "எனக்கு மட்டும் ஏன் எழுதல?"

பதில் அவளிடம் இருந்தது. நாலு பேர் முன்னால் சிரித்த கதையை எடுத்து நீட்டியிருக்கலாம். "ஆற விடுங்க. ஹோஸ் குடுத்து அனுப்பறேன், சீட்டும் இருக்கும்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

ஹோஸை அளந்து வெட்டினாள். சீட்டு எழுதினாள். டிப்பர்காரர் தயங்கி, "என்னோட நிப்பிள்..." என்று கட்டையைக் காட்டினார்.

அது கட்டையில்தான் இருந்தது. அக்கா இரண்டு விரல்களால் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். விரல் நுனிகள் வெளுத்தன, நிப்பிள் அப்படியே இருந்தது.

டிப்பர்காரர் சிரிக்கவில்லை. அக்கா கீழ் டிராயரை இழுத்து, ஸ்பானரை எடுத்துக் கட்டையின் மேல் வைத்தாள்.