கடலில் பிடித்த வால்

எனக்குப் பேய் பிசாசு என்றாலே சிரிப்பு வரும். கயிறு கட்டுவது, மந்திரிப்பது எதிலும் நம்பிக்கை கிடையாது. யாருக்காவது காற்று கருப்பு அடித்துவிட்டது என்று சொன்னால், "மொதல்ல சுகர் டெஸ்ட் எடுங்க" என்று சொல்லுகிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

நான் பிறந்தது கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு கிராமம். மாந்தோப்பு, கரும்பு, ஒரு ஏரி, அவ்வளவுதான். கல்யாணமாகி மகளைக் கட்டிக்கொடுக்கிற வயது வரைக்கும் கடல் என்பது சுற்றுலா பஸ்ஸில் போய்க் காலை நனைத்துவிட்டு வருகிற இடம்தான். என் வீட்டுக்காரருக்கு வாகாடு பக்கம் இறால் குஞ்சு பொரிக்கிற கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது, குடிவந்தோம். வாசலில் நின்றால் சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் கடல். சாயங்காலம் ஆனால் வேர்க்கடலையை வேகவைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு மணலில் போய் உட்கார்ந்துவிடுவேன். படகு வந்தால் அங்கேயே நெத்திலி வாங்கி வந்து மொறுமொறுவென்று வறுப்பேன். ராஜ வாழ்க்கை என்று ஊரில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன், ஒருவர் விடாமல்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், நான் மிதக்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டு போலம்மா, மீன் விற்கிறவள், அவள்தான் குரு. தெலுங்குதான் பேசுவாள். முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, "ஒள்ளு வதிலெய்யி அக்கா, நீள்ளே மோஸ்தாயி" என்பாள். உடம்பை விட்டுவிடு, தண்ணீரே சுமக்கும் என்று அர்த்தம். ஒரு நாள் அவள் கையை எடுத்ததே எனக்குத் தெரியவில்லை. எங்கள் வம்சத்திலேயே கடல்மேல் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்த முதல் பொம்பளை நான்தான், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா வசந்தா வந்து இறங்கினாள். எங்களைத் திரும்ப ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்துக்கொண்டே வந்திருந்தாள். நகரியில் மோட்டார் ரிப்பேர் கடை ஒன்று காலியாகிறதாம், அதை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அவரும் ஒரு பக்கம் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். இந்த இடத்தை விட்டுப் போவதா?

"இன்னாடி இது, கொடியில போட்ட துணியெல்லாம் பிசுபிசுன்னு கீது. நாம ஏரித் தண்ணி குடிச்சி வளந்தவங்க, நமக்கு எதுக்குடி சமுத்திரம்? மூட்டையக் கட்டு" என்றாள்.

"மாம்பழம் உங்க சித்தூர் ஜில்லாவுக்கு, கடலு எங்க திருப்பதி ஜில்லாவுக்கு. பிரிச்சிக் குடுத்துட்டாங்க க்கா, பங்கு கேக்காத" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சரி, வாயால் சொல்லி ஆகாது, செய்து காட்டிவிடலாம் என்று சாயங்காலம் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. போலம்மா சந்தைக்குப் போயிருந்தாள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருந்தது, நடுவில் மட்டும் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் அலையே இல்லாமல் வழவழவென்று இருந்தது. ஏரியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு ஒரே கணக்குதான், அசையாத தண்ணீர் நல்ல தண்ணீர். "இங்கியே உக்காந்து பாத்துக்கினு இரு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நேராக அதற்குள் இறங்கினேன்.

மல்லாந்து படுத்தேன். கையைத் தூக்கி அக்காவுக்கு ஆட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு, போட்டோ எடுக்கச் சொல்லவில்லையே என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் திருப்பினால் அக்கா கட்டைவிரல் அளவுக்குத் தெரிகிறாள். கரையைப் பார்த்துக் கையையும் காலையும் அடித்தேன். அடிக்க அடிக்கக் கரை தள்ளித்தான் போனது. அப்போது வந்த பயத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. செத்துப்போகப் போகிறேன் என்று தெரிந்தது. ராத்திரிக்குச் சோறு வடிக்கவில்லையே என்ற நினைப்பும் வந்தது, சத்தியமாக.

வாயில் உப்புத் தண்ணீர் போய் இருமிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் புஸ்ஸென்று மூச்சு விடுகிற சத்தம். திரும்பினேன். எருமை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், வளைந்த கொம்பும் கருத்த முதுகுமாக, காதை உதறிக்கொண்டு ஒரு எருமை கடலில் நீந்திக்கொண்டிருந்தது. ஆழ்கடல் பக்கம் எருமை எப்படி வரும் என்று யோசித்தேனா? இல்லை. எங்கள் ஊரில் ஏரியைத் தாண்ட வேண்டுமென்றால் எருமை வாலைப் பிடித்துக்கொள்வோம், பொட்டைப் பிள்ளைகளும்தான். இழுக்கக் கூடாது, சும்மா பிடித்துக்கொண்டு உடம்பை விட்டுவிட வேண்டும். கை தானாகப் போய் வாலைப் பிடித்தது. சொரசொரவென்று இருந்தது. சாணி வாசனை அடித்தது.

அது கரைக்குப் போகவில்லை. கரையை ஒட்டினாற்போல் பக்கவாட்டிலேயே போனது. "ஏ முண்டம், கரை அந்தாண்ட கீது!" என்று கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. அலை உடைகிற இடம் வந்த பிறகுதான் கரைப் பக்கம் திரும்பியது. காலில் மணல் தட்டியது, ஒரு அலை என்னைப் புரட்டிப் போட்டது, வால் நழுவிவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எருமையும் இல்லை, ஒன்றும் இல்லை.

அக்கா மணலில் ஓடி வந்து முதலில் என் கன்னத்தில் ஒன்று வைத்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். "எரும எங்க?" என்றேன். "இன்னா எரும? நீ ஒரு கைய நீட்டிக்கினு மல்லாந்துக்கினு வந்த, அவ்ளோதான்" என்றாள்.

போலம்மாவிடம் சொன்னேன். "பர்ரெ? சமுத்ரம்லோனா?", எருமையா, கடலிலா என்று வாயைப் பிளந்தாள். அலை உடையாத இடம்தான் ஆளை இழுக்கும், அதில் மாட்டினால் பக்கவாட்டில் போய்த்தான் வெளியே வர வேண்டும், நீ அதைச் சரியாகச் செய்திருக்கிறாய் என்று தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். நான் செய்யவில்லை, எருமை செய்தது என்றேன். யாரும் கேட்கவில்லை. உப்புத் தண்ணீர் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். என் நகக்கண்ணில் கருப்பாக வண்டல் மண் ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் வெறும் மணல்தான். அதையும் காட்டினேன். "பூந்தொட்டி மண்ணா இருக்கும்" என்றார். எங்கள் வீட்டில் பூந்தொட்டி கிடையாது.

மறுநாள் காலை அக்கா புத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஊருக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நகரிக் கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கடலே என்னைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, இனி யார் என்னைக் கிளப்ப முடியும் என்று காலரைத் தூக்கிவிடாத குறையாகத் திரிந்தேன். இப்போதும் மிதக்கப் போகிறேன், அலை உடைகிற இடமாகப் பார்த்து.

மாங்காய் சீசனில் அக்கா போன் செய்தாள். விலை இறங்கியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"காஞ்சனா, அன்னிக்கி எரும இருந்திச்சோ இல்லியோ எனக்குத் தெரியாதுடி. ஆனா கூப்புட்டாங்க."

"யாரு?"

"எனக்குப் பின்னாடி, சவுக்குத் தோப்புலேர்ந்து. நம்ம வூட்டுக் கூப்பாடு."

எங்கள் ஊரில் மாட்டைக் கூப்பிட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தினுசு உண்டு. எங்கள் வீட்டு எருமை பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால் திரும்பாது. ஒரு நீளமான 'ந்தா', இரண்டு சின்ன 'ந்தா', கடைசியில் நாக்கைச் சொடுக்குவது, அது எங்களுடையது. இப்போது அதைத் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது அக்காவும் நானும் மட்டும்தான்.

"நீ கூப்புட்டிருப்ப க்கா, பயத்துல மறந்துட்ட."

"எனக்கு வாயே தொறக்கலடி."

"திரும்பிப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை போனில் பேசிவிட்டோம். எதையும் வெடுக்கென்று கேட்டுவிடுகிற நான், அடுத்த கேள்வியை இன்னும் அவளிடம் கேட்கவில்லை.