புது டிஸ்க்கின் எரியாத விளக்கு

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரே ஒரு சர்வர். ஆறு வருடமாக அங்கு ஊசி குத்திக்கொண்டவர்களின் சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் அதற்குள் இருந்த ஒற்றை ஹார்ட் டிஸ்க்கில். ஒரு மாதமாக அது கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. செத்தால் அத்தனை ரிப்போர்ட்டும் போய்விடும். பழையதைப் புது டிஸ்க் ஒன்றில் அப்படியே நகலெடுத்து, சர்வரை அதிலிருந்து கிளப்புவது என்று முடிவாயிற்று. சின்ன வேலைதான். அந்தக் காலத்தில் எனக்கு எல்லா வேலையும் சின்ன வேலைதான்.

உரிமையாளர் அண்ணாச்சி அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். விஞ்ஞானத்தில் அபார நம்பிக்கை உள்ளவர், ராகு காலம் போக மிச்ச நேரத்தில். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நகலெடுக்க ஆரம்பித்துப் பத்தரைக்கு முடித்தேன். கிளப்ப வேண்டியதுதான் பாக்கி.

"பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்லா. சும்மா இரும் வே" என்றார் அண்ணாச்சி.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தவர்களும் ராகு காலம் முடியக் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அதே காலண்டர்தான்.

பன்னிரண்டு அடித்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றப் போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அதக் கழட்டி வெளிய எடுக்காதீரும். ஆறு வருசமா லச்சுமி அதுக்குள்ளதான் இருந்திருக்கா. திங்கக்கெழம பாத்துக்கிடலாம்."

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து உப்பு வெளியே போகாது, மோர் போகாது. ஹார்ட் டிஸ்க்கும் போகாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். உள்ளுக்குள் சிரிப்பு. எதிர்த்துப் பேசினால் மத்தியானச் சாப்பாடு பிந்தும் என்பதால் விட்டுவிட்டேன். புதியதிலிருந்து தொடங்கு என்று சர்வருக்குச் சொல்லிப் பட்டனை அமுக்கினேன். வழக்கமான திரை வந்தது. அண்ணாச்சி புது டிஸ்க்குக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். எனக்கும் வைத்தார்.

சர்வருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட் அடிக்கும் அக்கா மட்டும் குனிந்து பார்த்தார்.

"தம்பி, பழசுலதான வெளக்கு மின்னுது. புதுசு கம்முன்னு கெடக்கே."

"அது அப்படித்தான்க்கா, புதுசுல்லா" என்றேன். இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை போன் செய்தேன். "நல்லாத்தான ஓடுது, எதுக்குப் போட்டு நோண்டணும்" என்றார் அண்ணாச்சி. கரகரச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை. நல்லபடியாக ஓடுவதைச் சந்தேகப்படுவது எனக்கும் பிடிக்காது.

பதினொரு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை சர்வர் நின்றுபோனது. போய்ப் பார்த்தால் செத்தது பழைய டிஸ்க். சும்மா கிடந்த பழசு செத்தால் சர்வர் ஏன் நிற்க வேண்டும்? கேள்வி முடியும் முன்பே பதில் தெரிந்துவிட்டது.

நகல் என்றால் உள்ளே எழுதியிருக்கும் அடையாள எண் உட்பட நகல். இரண்டையும் ஒன்றாக மாட்டி வைத்தால், அந்த எண்ணைக் கூப்பிட்டதும் முதலில் கை தூக்குகிற டிஸ்க்கோடு சர்வர் போய்விடும். வெள்ளிக்கிழமை புதியதில் கிளம்பிய சர்வர், அடுத்த நொடியே பழையதில் போய்க் குடியேறிவிட்டது. இது எனக்குத் தெரியாததல்ல. இதைப் பற்றி நாலு பேருக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். எதில் ஓடுகிறது என்று பார்க்க ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும். அந்த ஒரு வரியைத்தான் நான் தட்டவில்லை.

பழையதைக் கழற்றிவிட்டுக் கிளப்பினேன். புது டிஸ்க்கின் விளக்கு இப்போதுதான் மின்னியது. நான் நகலெடுத்த வெள்ளிக்கிழமை காலையோடு எல்லாம் நின்றிருந்தது. பதினொரு நாள் ரிப்போர்ட்டுகள் இல்லை. போன வாரம் கொடுத்த ரத்தத்துக்கு முடிவு வாங்க வந்த சீவலப்பேரிக்காரர் ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணாச்சி நெற்றியில் அறைந்துகொண்டார். "வெள்ளிக்கெழம இதத் தொட்டிருக்கவே கூடாது வே. என்ன சொல்லுதீரு?"

பதினொரு நாளாக நான் கேலி செய்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமை அது. பேருந்தில், டீக்கடையில், யாரிடமெல்லாமோ சொல்லிச் சிரித்திருந்தேன்.

"ஆமா அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை சரியில்லதான்" என்றேன்.

அவர் நிம்மதியாகச் சீவலப்பேரிக்காரரைச் சமாதானப்படுத்தப் போனார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அக்கா அலமாரியிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். பரிசோதனை மெஷின் துப்பும் சீட்டுகளை நாள்வாரியாக அதில் ஒட்டி வைத்திருந்தார். தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"வெள்ளிக்கெழம பாவம், அது என்ன பண்ணிச்சு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "ஒக்காருங்க தம்பி. நா வாசிக்கேன், நீங்க அடிங்க."

உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார்.

"வெள்ளிக்கெழம, மத்தியானம் பன்னெண்டே கால். நீங்க சாப்பிடப் போனதுக்குப் பொறவு ரிப்போர்ட் வாங்குன மொத ஆளு."