தங்கம் போட்ட குப்பி

சலவை மாறாத வெள்ளைச் சட்டை புற ஊதா விளக்கொளியில் நீலமாய் மின்ன, என் தாய்மாமன் ஆய்வகத்தில் நின்ற கோலம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

மாமா முசரவாக்கத்தில் கட்சிக்காரர். பெண்ணை இவ்வளவு படிக்க வைக்க வேண்டுமா என்று தயங்கிய அப்பாவிடம் எனக்காகச் சண்டை போட்டவர். எங்கள் கல்லூரி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாளில், வேன் வைத்து ஊர்க்காரர்களை அழைத்து வந்துவிட்டார். "எங்க பொண்ணு தங்கத்தைப் போட்டு வெளிச்சத்தையே பெருக்குது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கண்ணுக்கே தெரியாத குறைக்கடத்திப் படிகங்கள் புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும். அருகில் தங்க நுண்துகள்கள் இருந்தால், அவற்றின் எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் கூட்டமாக ஊசலாடி அந்தப் பச்சையை இன்னும் பிரகாசமாக்கும். அதுதான் என் ஆராய்ச்சி. மேசையில் இரண்டு குப்பிகள் வைத்திருந்தேன். ஒன்றில் வெறும் படிகங்கள், மற்றதில் தங்கமும் சேர்த்து.

விளக்கைப் போட்டேன். தங்கம் கலந்த குப்பி மங்கிக் கிடந்தது. குப்பிகள் இடம் மாறிவிட்டனவோ என்று சீட்டைப் பார்க்கக் குனிந்தேன். அதற்குள் மாமா பளிச்சென்றிருந்த குப்பியைக் காட்டி, "பாத்துக்கினீங்களா? தங்கம் போட்டது எப்பிடி ஜொலிக்குது!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் பேராசிரியர் என்னையே பார்த்தார்.

"இல்ல மாமா. அது தங்கம் போடாதது. போட்டதுதான் மங்கலா இருக்குது."

கைதட்டல் நின்றது. "அப்ப இருந்த வெளிச்சமும் போச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, சிரிப்பு கிளம்பியது. மாமாவும் சிரிக்கப் பார்த்தார். "நமக்கு இன்னாபா தெரியும்" என்று வெளியே போய் வேன் பக்கத்தில் நின்றுகொண்டார். உண்மையைச் சொன்னதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் தோற்றது என் குப்பி, தலைகுனிந்தது அவர் என்று நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

தங்கம் படிகத்தோடு ஒட்டிக்கொண்டால் ஒளியை விழுங்கிவிடும் என்பது பிறகுதான் பிடிபட்டது. துகள்களின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய உறையேற்றி இடைவெளி விட்டதும், கலவை பளீரென்றது. மாமாவைக் கூப்பிட்டேன். ஏதேதோ சாக்கு சொன்னவர், சின்ன காஞ்சிபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்த அன்று தனியாக எட்டிப் பார்த்தார்.

விளக்கைப் போட்டேன். எது அதிகம் ஒளிர்கிறதென்று குழந்தைக்கும் தெரியும். மாமா இரண்டு குப்பிகளையும் மாறிமாறிப் பார்த்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எதுமா நல்லாருக்குதுன்னு சொல்லணும்? நீயே சொல்லிடு."