சிவந்த கால் புல்லு

களை எடுத்து முதுகு வளைஞ்சவங்க எல்லாம் கிட்ட வந்து உக்காருங்க. உங்களுக்குத்தான் இது விளங்கும். குனிஞ்சு பிடுங்குறது பாதி வேலை, எதை விடணும்னு தெரியுறது மீதி வேலை. அந்த மீதியிலதான் நான் கோட்டை விட்டேன்.

காலைப் பாரு

நாகலாபுரத்துப் பக்கம் ஒரு அண்ணாச்சி. கரிசக்காட்டுல வருசம் தவறாம குதிரைவாலி விதைப்பாரு. வெளி விதை வாங்கவே மாட்டாரு. அவிய அப்பா காலத்து விதையைத்தான் அறுத்து, அடிச்சு, எடுத்து வச்சுத் திரும்ப விதைப்பாரு.

அதுக்கு நடுவுல காட்டுக் குதிரைவாலின்னு ஒரு புல்லு முளைக்கும். பயிருக்குச் சித்தி மக மாதிரி, ஒரே முகம். ஆனா விதையை நம்ம கைக்குத் தராம மண்ணுல உதிர்த்துரும். அதுக்கு அடித்தண்டு சிவப்பு, பயிருக்குப் பச்சை. காலைப் பாரு, சிவப்பா இருந்தாப் பிடுங்குன்னு எங்க ஆளுக அத்தனை பேருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். காடு சுத்தமாச்சு.

"ஒன் கண்ணு இருக்கையில என் விதைக்குக் கொறை வராது, பேச்சி" ன்னாரு அண்ணாச்சி.

பச்சைக் கால்

அந்தப் புல்லுலயும் ஒண்ணு ரெண்டு பச்சைக் காலோட பிறக்கும். அதைப் பயிருன்னு நினைச்சு விட்டுட்டோம். அது பாட்டுக்கு உதிர்த்துச்சு. சில வருசம் கழிச்சுப் பார்த்தா, சிவந்த காலே காட்டுல இல்லை. களை எடுத்து முடிச்ச காட்டுலயோ பாதி புல்லு.

"கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சிட்டா வந்திய?"ன்னாரு அண்ணாச்சி.

குனிஞ்சு நின்னது

அந்தப் பச்சைக் கால் புல்லு பயிரை விட ஒசரம். சரி, மேல தலை நீட்டுறதை எல்லாம் அரிவாளால அறுத்துருவோம்னு இறங்கினோம். ரெண்டு மூணு வருசம் அறுத்தோம். குட்டையா இருந்தது மட்டும் பயிருக்குக் கீழ தப்பிச்சு, அதுவே பெருகிருச்சு.

பக்கத்து நிரையில என்கூடக் களை எடுக்கிற மாரியம்மா சொன்னா: "முதலாளி வந்தா நாம குனிஞ்சு நிப்போம்லா அக்கா, அது மாதிரி நிக்குது."

முந்திக்கிட்டது

அன்னைக்குத்தான் யோசிச்சேன். புல்லால ஓட முடியாது, கடிக்க முடியாது. நிறம் மாறலாம், குட்டையாகலாம். வேற என்ன செஞ்சிரும்னு ஒரு தைரியம். புல்லுக் கதிரு ஒல்லி, பயிருக் கதிரு தடிப்பு. கதிர் வந்த பிறகு பார்த்தாத் தப்பவே தப்பாதுன்னு காத்திருந்து இறங்கினோம். முதல் வருசம் நிறைய அகப்பட்டுச்சு. முந்திப் பூத்தது மட்டும் எங்களுக்கு முன்னாலயே உதிர்த்திருந்துச்சு. மூணாம் வருசம் நாங்க இறங்கையில புல்லுல அத்தனையும் விதை உதிர்ந்த வெறுங்கதிரு.

அது யோசிச்சு மாறலை. நாங்க விட்டதுதான் விதையாச்சு.

அந்தத் தையில அடிச்சுத் தூத்தினதுல அண்ணாச்சிக்கு விதைக்கு ஒரு மரக்கால் அளவு கூடத் தேறலை. அதுலயும் புல்லு விதை கலந்திருந்துச்சு. அவிய ஏசியிருந்தாத் தேவலை. கையில அள்ளிப் பார்த்துட்டு மெதுவாச் சொன்னாரு:

"எது பொழைக்கணும்னு நீங்கதான் பேச்சி, அதுக்குப் பொறுக்கிக் கொடுத்திருக்கிய."

அதோட அவிய அப்பா விதை முடிஞ்சு போச்சு. இப்ப அங்கன மக்காச்சோளம். போன மழைக்கு அந்த வழியாப் போகையில எட்டிப் பார்த்தேன்: மண்ணுக்குள்ள எத்தனை வருசம் கிடந்துச்சோ, யாரும் காலைப் பார்க்காத அந்தச் சோளத்துக்குள்ள மறுபடியும் சிவந்த காலோட நிக்குது அந்தக் கெட்டிக்காரப் புல்லு.