கையெழுத்திடாத பதினொரு பக்கங்கள்

என் மாணவி கண்டுபிடித்ததை நான் என் பெயரில் வெளியிட்டேன். இதை இப்படி நேராக எழுத எனக்கு எழுபத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

பெங்களூரில் நான் நடத்திய ஆய்வகத்தில் நீலப்பச்சை பாக்டீரியாவை வளர்த்தோம். அதற்குள் ஒளியைச் சேகரிக்கும் புரதங்கள் உண்டு. ஆனால் ஒளியைப் பிடிப்பது புரதமல்ல, அதில் பிணைந்திருக்கும் நீல நிறமி. அந்த நிறமி தானாகவே புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதி நான் பெயர் வாங்கியிருந்தேன். சோதனைக் குழாயில் இரண்டையும் கலந்தால் ஒட்டத்தான் செய்தது.

அந்த மாணவி பெங்களூர் ஸ்ரீராம்புரத்துப் பெண். அப்பா மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். ஒரே ஒரு நொதி மட்டும் இல்லாத பாக்டீரியாவை அவள் வளர்த்தாள். புரதம் வழக்கம்போல உருவானது. அதை ஜெல்லில் பிரித்து, துத்தநாகக் கரைசலில் ஊறவைத்து, புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது ஆரஞ்சாக ஒளிர வேண்டிய பட்டை இருண்டு கிடந்தது. நிறமி ஒட்டவில்லை. குழாயில் ஒட்டியது கோணலாக ஒட்டியது, செல்லுக்குள் அந்த நொதிதான் சரியான இடத்தில் பிணைக்கிறது என்றாள்.

சனிக்கிழமைதோறும் மாணவர்களின் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் நான் கையெழுத்துப் போடுவது வழக்கம். கையெழுத்தில்லாத பக்கம் ஆய்வேட்டில் சேராது. இந்தச் சோதனையை எழுதிய பதினொரு பக்கங்களோடு அவள் குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். "வச்சிட்டுப் போம்மா, பாக்கலாம்" என்றேன். அந்தப் பதினொரு பக்கங்களை நான் பார்க்கவே இல்லை. மாதிரியை வெளிச்சத்தில் வைத்துக் கெடுத்திருப்பாள் என்று மற்றவர்கள் முன்னால் சிரித்தேன். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் பட்டம் இல்லாமலே போய்விட்டாள்.

என் கருத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதே சோதனையைப் பிறகு நானே செய்தேன். பட்டை இருண்டது. கட்டுரை வந்தது, பாராட்டு வந்தது. நன்றியுரையில்கூட அவள் இல்லை.

போன ஆண்டு அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதினேன், என்னிடமே தங்கிவிட்ட அவளுடைய குறிப்பேட்டின் நகலையும் இணைத்தேன். கட்டுரையின் முதல் ஆசிரியராக அவளைச் சேர்க்கலாம், ஆனால் அவளுடைய கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும் என்று பதில் வந்தது.

பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள் என்று விசாரித்து, வீடு தேடிப் போனேன். காபி கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன். நான் கொண்டுபோன சம்மதப் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"சாம்பிள நான்தான் கெடுத்தேன்னு சொன்னீங்களே சார், எங்கப்பா சாகற வரைக்கும் அதத்தான் நம்பினாரு."

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"வச்சிட்டுப் போங்க சார், பாக்கலாம்."

எட்டு மாதமாகிறது. படிவம் வரவில்லை. கட்டுரை இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.